இலவச உணவுப் பாடத்தில் இருப்பது யாருடைய தட்டு?

வீட்டில் வைத்தே பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு அம்மாவோ அப்பாவோ 'சத்துணவு' என்று தமிழில் தேடிப் பார்த்தால், முதலில் வந்து விழுவது பள்ளிச் சத்துணவுத் திட்டமும் அது தொடர்பான வேலைவாய்ப்பு அறிவிப்புகளும்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம் அந்தச் சொல்லையே தனதாக்கிக்கொண்டது. சரி என்று 'ஊட்டச்சத்து' என மாற்றித் தேடினால், சர்க்கரையை விரட்டும் கஷாயமும் பத்தே நாளில் எடை குறைக்கும் பொடியும் வரிசை கட்டுகின்றன. ஆங்கிலத்தில் தேடினால் நிலைமை தலைகீழ். பயிற்சித் தாள், விளையாட்டு, வீடியோ, வகுப்புவாரியாகப் பாடத்திட்டம் என்று கொட்டிக் கிடக்கிறது, பெரும்பாலும் இலவசமாகவே. பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தால், புளூபெர்ரிக்கு நீலமும் ப்ரோக்கோலிக்குப் பச்சையும் தீட்டி முடித்துவிட்டு, பிள்ளை சாம்பார் சாதத்துக்கும் கோவைக்காய்ப் பொரியலுக்கும் வந்து உட்காரும்.

உணவைப் பற்றிப் படிக்க எதுவும் கிடைக்கவில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த இலவசப் பாடத்துக்கும் பின்னால் யாரோ காசு போட்டிருக்கிறார்கள்; ஏதோ ஒரு ஊரின் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் இதைப் பார்த்துச் சலிக்க ஆசிரியரும் பாடநூல் குழுவும் உண்டு. வீட்டுவழிக் கல்வியில் அந்தச் சல்லடையைப் பிடிக்க வேண்டியவர் பெற்றோர்தான். அதற்கு இந்தப் பாடங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

இணையத்தில் அதிகம் கண்ணில் படுவது அமெரிக்க வேளாண் துறையின் பாடங்கள். அந்தத் துறை முதன்முதலில் வெளியிட்ட உணவு வழிகாட்டியே குழந்தைகளுக்கானதுதான். 1916-ல் கரோலின் ஹன்ட் என்பவர் எழுதினார். உணவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார். 1943-ல் அது ஏழு வகையானது, 1956-ல் நான்கு வகையானது. அப்புறம் வந்தது, அதிகம் சாப்பிட வேண்டியதை அடியிலும் குறைக்க வேண்டியதை உச்சியிலும் காட்டும் பிரமிடுப் படம். அந்தப் பிரமிடின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1991-ல் பிரமிடு அச்சுக்குத் தயாராக இருந்தது. இறைச்சியும் பாலும் மேலே, சின்னப் பகுதியில் இருப்பதைப் பார்த்து அந்தத் தொழில்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். துறை வெளியீட்டை நிறுத்திவைத்தது. பிரமிடு வெளிவந்தது 1992-ல்தான். மாட்டுப் பண்ணைக்காரருக்கும் கோதுமை விவசாயிக்கும் சந்தை தேடிக்கொடுக்க வேண்டிய அதே துறைதான், 'இதைக் குறைத்துச் சாப்பிடு' என்றும் மக்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஆள் கடைக்காரராகவும் வைத்தியராகவும் இருப்பதைப் போல.

2005-ல் பிரமிடின் பட்டைகள் செங்குத்தாகத் திரும்பின. பக்கத்தில் படியேறும் ஓர் ஆள் வந்தார். 2011 ஜூனில் பிரமிடு போய்த் தட்டு வந்தது. பழம், காய்கறி, தானியம், புரதம் என்று நான்கு பகுதிகள். பக்கத்தில் ஒரு வட்டத்தில் பால். இந்த வரலாறு தெரிந்தால் ஒரு வசதி உண்டு. கையில் கிடைத்த பயிற்சித் தாளின் வயதைப் படத்தை வைத்தே சொல்லிவிடலாம். அகலமான அடிப்பகுதி முழுக்க ரொட்டியும் சோறும் இருக்கிற, நாளுக்கு 6 முதல் 11 பங்கு தானியம் சாப்பிடச் சொல்கிற பிரமிடு என்றால் அது 1992-ஆம் ஆண்டுச் சரக்கு. அது இன்னும் எத்தனையோ தளங்களில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உலவுகிறது.

அந்தத் தட்டின் பக்கத்தில் இருக்கும் பால் வட்டத்தையும் கவனிக்க வேண்டும். அதே 2011-ல் ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளி தன் சொந்தத் தட்டு ஒன்றை வரைந்தது. அதில் பால் இருந்த இடத்தில் தண்ணீர். இரண்டு படங்களையும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் முன் வைத்து, "ஏன் வேறுபடுது? யார் சொல்றது சரி?" என்று கேட்டால், அன்றைய பாடம் அதுவே. அமெரிக்கப் பால் தொழிலின் தேசியப் பால் கவுன்சில் 1915-ல் தொடங்கப்பட்டது. பள்ளிகளுக்கு இலவச உணவுப் பாடங்களை நெடுங்காலமாகத் தந்துவரும் அமைப்புகளில் அது ஒன்று. அதன் பாடங்கள் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை, நன்றாகவே தயாரித்திருப்பார்கள். ஆனால் பால் இல்லாமல் கால்சியம் எப்படிக் கிடைக்கும் என்ற அத்தியாயத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

வேளாண் துறையின் பாடங்களில் சில உண்மையிலேயே அருமை. ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரைக்கும் மூன்று நிலையில் எழுதப்பட்ட தட்டுப் பாடத்திட்டம் ஒன்று உண்டு. மூன்று, நான்காம் வகுப்புக்குத் தோட்டத்தில் துப்பறியும் கதையாக ஒன்று: எந்தக் காய் என்று கண்டுபிடிக்கும் துப்புகளைப் பிள்ளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். காயின் பெயரை மட்டும் மாற்றினால் நம் ஊர் மாடித் தோட்டத்துக்கும் பொருந்தும்.

பிரிட்டனிலிருந்து வருவதில் குறிப்பிட வேண்டியது பிரிட்டிஷ் ஊட்டச்சத்து அறக்கட்டளையின் பாடங்கள். மூன்று வயது தொடங்கிப் பதினாறு வரை வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். சமையல் செய்முறையும் கத்தி பிடிக்கும் விதமும்கூட இருக்கின்றன. இங்கிலாந்தில் 2014 முதல் பதினான்கு வயது வரைக்கும் சமையல் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் செய்முறைக்கு முக்கியத்துவம் அதிகம். அந்த அறக்கட்டளைக்கு உணவு நிறுவனங்களும் நிதி தருகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி நம் பக்கம் வருவோம்.

உணவைப் பற்றி இந்தியாவில் நடந்த ஆராய்ச்சியின் தொடக்கப்புள்ளி நீலகிரியில் இருக்கிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். கால் மரத்துப்போய், வீங்கி, இதயம் தளரும் நோய் அது. வைட்டமின் பி1 குறைவால் வருவது. ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த பகுதிகளில் அதிகம் கண்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் அந்த வைட்டமின் அரிசிக்குள் ஊடுருவி நின்றுவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. தஞ்சாவூர்ப் பாட்டியிடம் 'ஏன் புழுங்கல்?' என்று கேட்டால் இந்த விளக்கம் கிடைக்காது. 'அதுதான் வயித்துக்கு ஒத்துக்கும்' என்பார். இந்த ஒரு கதையில் வேதியியல், வரலாறு, சமையல் மூன்றும் இருக்கின்றன. நான் பார்த்த எந்த ஆங்கிலப் பயிற்சித் தாளிலும் இது இல்லை.

குன்னூர் ஆய்வகம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. குன்னூரில் இருந்தபோதே, 1937-ல், இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை அதன் இயக்குநர் அய்க்ராய்ட் வெளியிட்டார். அதன் வழிவந்த புதிய பதிப்புதான் 2017-ல் வந்த இந்திய உணவு உள்ளடக்க அட்டவணை. நாட்டை ஆறு வட்டாரமாகப் பிரித்து மாதிரிகளைச் சேகரித்து, 528 உணவுகளைப் பரிசோதித்திருக்கிறார்கள். அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, ராகி, கம்பு எல்லாம் அதில் உண்டு. வீட்டுவழிக் கல்விக்கு ஒரே ஒரு ஆவணம்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். குழந்தைகளுக்காக எழுதியதே அல்ல. ஒரு படம்கூட வண்ணம் தீட்ட இல்லை. அதனாலேயே பிடிக்கும். யாரும் முடிவு சொல்லித்தராத, வெறும் எண்கள்.

உதாரணத்துக்குக் கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பசும்பாலில் 118 மில்லிகிராம். 100 கிராம் ராகியில் 364. அகத்திக்கீரையில் 901. தீட்டிய அரிசியில் 10-கூட இல்லை. இதைப் பார்த்ததும் பிள்ளை 'அப்ப பாலே வேண்டாம்' என்று குதிக்கும். அங்கேதான் அடுத்த கேள்வியைப் போட வேண்டும். ஒரு வேளையில் எவ்வளவு ராகி சாப்பிடுகிறோம்? ஒரு குவளைக் கூழுக்கு 30 கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால் 109 மில்லிகிராம்தான் வருகிறது. ஏறக்குறைய 100 மில்லி பாலுக்குச் சமம். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இந்தக் கணக்கை ஒரு வாரம் முழுக்கப் போடலாம். தசமப் பெருக்கலும் விகிதமும் தனியாக நடத்தத் தேவை இருக்காது.

அடுத்த படி, அட்டவணையில் உள்ள எண் அப்படியே உடம்புக்குள் போவதில்லை என்பது. ராகியில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும். முளைகட்டிய ராகியை அரைத்துப் பால் எடுத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் வழக்கம் எதற்கு என்று அப்போது புரியும். கீரையில் இருக்கும் இரும்பு சேர எலுமிச்சம்பழம் உதவும், சாப்பிட்டதும் குடிக்கும் டீ தடுக்கும். இதையெல்லாம் 'பாட்டி சொன்னது எல்லாம் அறிவியல்' என்ற பெருமைக் கூட்டத்தில் சேர்த்துவிட வேண்டாம். சோறு வடித்த கஞ்சியோடு பி வைட்டமின்களைச் சாக்கடையில் கொட்டியதும் அதே பாட்டிதான்.

இந்த அட்டவணையைத் திறக்கும் புதியவருக்கு இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறார்கள். நாம் பேச்சில் கலோரி என்று சொல்லும் கிலோகலோரிக்கு மாற்ற 4.184-ஆல் வகுக்க வேண்டும். தீட்டிய அரிசிக்கு 1491 என்று பார்த்து மிரள வேண்டாம், வகுத்தால் 356. இரண்டாவது, எண்கள் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கானவை. 100 கிராம் அரிசி சோறாகும்போது எத்தனை கிராம் என்று பிள்ளையே எடைபோட்டுப் பார்க்கட்டும். கூடியது முழுக்கத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ள வேறு பாடம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்களில் ருசி கண்ட பிள்ளை தன் தட்டில் உள்ள கலோரியை எண்ணத் தொடங்கினால், குறிப்பாகப் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், அதை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. உணவை எடைபோடலாம்; பிள்ளையை எடைபோட்டுப் பாடம் நடத்தக் கூடாது. 'நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு' என்று இரண்டு கட்டம் போட்டு வெட்டி ஒட்டச் சொல்லும் தாள்களையும் நான் ஒதுக்கிவிடுவேன். தாத்தா வாங்கிவரும் மைசூர்பாகு கெட்ட கட்டத்தில் விழுந்தால் தாத்தாவும் சேர்ந்து விழுவார்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைப் புதுப்பித்து வெளியிட்டது. மொத்தம் 17 வழிகாட்டுதல்கள், இலவசமாகத் தரவிறக்கலாம். அதில் ஒரு தட்டுப் படம் உண்டு. அந்தத் தட்டில் தானியம் மொத்த ஆற்றலில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று சுற்று வரும் வீட்டில் இந்த எண்ணை வைத்து ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் பிள்ளையைவிடப் பெற்றோருக்குத்தான் தூக்கிவாரிப் போடும். ஆனால் அந்தப் படத்தில் உள்ள தட்டு ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் பெரியவருக்கானது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நம் அறிவியலாளர்கள் சொல்லும் சராசரித் தேவை 1360; ஏழு முதல் ஒன்பது வரை 1700. அப்பா தட்டில் உள்ள கிராம் கணக்கை அப்படியே பிள்ளைக்கு வைத்துவிடக் கூடாது.

உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் வெளியிட்டிருக்கும் புத்தகங்கள் வேறு வகை. பள்ளிப் பிள்ளைகளுக்கு 'மஞ்சள் புத்தகம்', வீட்டுக்கு 'இளஞ்சிவப்புப் புத்தகம்', கலப்படத்தைக் கண்டுபிடிக்க 'டார்ட்' என்ற கையேடு. எல்லாமே இலவசம். முதல் இரண்டும் கைகழுவு, மூடிவை என்ற அளவில் நல்ல பிள்ளையாக இருக்கின்றன. டார்ட்தான் பிள்ளைகளை இழுக்கும். ஐம்பதுக்கு மேற்பட்ட சோதனைகள், பெரும்பாலும் வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே. தேங்காய் எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால், தேங்காய் எண்ணெய் உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது தனி அடுக்காக நிற்கும். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் போட்டால் செங்கல் தூள் அடியில் தங்கும்.

ஆனால் சோதனையில் தேறியது எல்லாம் சுத்தம் என்று பிள்ளை முடிவுகட்டிவிடக் கூடாது. தேனைத் தண்ணீரில் சொட்டுப் போட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். 2020-ல் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் நடத்திய விசாரணையில், ஆய்வகச் சோதனைகளிலேயே மாட்டாத மாதிரித் தயாரித்த சர்க்கரைப் பாகுகள் தேனில் கலக்கப்படுவது வெளிவந்தது. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகை ஒரு குவளைத் தண்ணீர் பிடித்துவிடாது.

தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு நம்பத் தகுந்த இடம் தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள். இவை பள்ளியில் சேராத பிள்ளைக்கும் இணையத்தில் அப்படியே கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு அறிவியல் முதல் பருவத்தில் 'உடல் நலமும் சுகாதாரமும்' என்ற பாடம் சத்துகளையும் குறைபாட்டு நோய்களையும் நல்ல தமிழில் சொல்லும். மேல்நிலை மனையியல் பாடநூலைப் பெற்றோர் தங்களுக்காகவே படிக்கலாம். ஒன்றிய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஆறாம் வகுப்பு நூலிலும் உணவின் கூறுகள் பற்றிய பாடமும் சோதனைகளும் உண்டு. ஒரு சொட்டு அயோடினைச் சோற்றில் விட்டால் கருநீலமாகும், அதுதான் மாவுச்சத்து. மருந்துக்கடையில் வாங்கும் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தே போதும். சோதித்த சோற்றைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். வேர்க்கடலையைக் காகிதத்தில் தேய்த்தால் வரும் எண்ணெய்க் கறை கொழுப்புக்குச் சான்று. புரதத்துக்கான சோதனையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். அதில் வரும் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரித்துவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். சாப்பாட்டைச் சுற்றி நடக்கும் கதைகளும் கிடைக்கும். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் உடல்நலம், ஊட்டச்சத்து பற்றிய வீடியோக்கள் தமிழிலும் இருக்கின்றன. தாய்மார்களுக்காகச் செய்தவை என்றாலும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மூத்த பிள்ளை உட்கார்ந்து பார்த்து, தம்பிக்கு என்ன ஊட்டலாம் என்று அம்மாவுக்குச் சொல்லித்தரலாம்.

தேர்வு என்று வரும்போது வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் பலவும் போய்ச் சேருமிடம் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். அங்கே 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். மனையியல் அதில் ஒரு பாடம், பாடநூலும் தளத்தில் இலவசம். ஆகவே ஏழு வயதில் ராகியை எடைபோட்டது வீண்போகாது. ஆனால் தேர்வு விடைக்கு அவர்கள் புத்தகத்தில் உள்ள வரையறையைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று: உரிமம். இலவசமாகப் படிக்கலாம் என்பதும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல. என்.சி.இ.ஆர்.டி. நூலை இறக்கிப் படிக்கலாம். மாற்றி வெளியிட முடியாது. ஸ்டோரிவீவர் கதைகளை, எழுதியவர் பெயரைப் போட்டு, மொழிபெயர்க்கவும் மாற்றவும் உரிமம் அனுமதிக்கிறது. அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதியவற்றுக்கு அந்த நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை. தட்டின் இலச்சினையை மட்டும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. வெளியில் வாங்கிப் போட்ட படங்களும் சில இருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு, துப்பறியும் விளையாட்டின் போக்கையும் கேள்விகளையும் தமிழில் எழுதிக்கொள்ளலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடிகிற வேலை. ப்ரோக்கோலி இருந்த இடத்தில் சுண்டைக்காயையும், புளூபெர்ரி இருந்த இடத்தில் நாவல் பழத்தையும் வரையும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.